‘ஒரு வகுப்பு கீழே’ என்று எழுதுவதற்கு முன்: வகுப்பு நிர்ணயத் தேர்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டில் படித்துத் திரும்பும் பிள்ளைகளுக்கு வகுப்பு நிர்ணயத் தேர்வு நடத்தும் கல்வித் துறை அதிகாரிகளுக்கும், பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், வினாத்தாள் தயாரிக்கும் சக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு கணித ஆசிரியை. வேறொரு நாட்டில் சில ஆண்டுகள் படித்துவிட்டுப் பெற்றோருடன் திரும்பும் பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் தேர்வுகளுக்கு நீண்ட காலமாக வினாத்தாள் தயாரித்திருக்கிறேன். தேர்வு அறையில் கண்காணிப்பாளராக நின்றிருக்கிறேன். விடைத்தாளைத் திருத்திப் பரிந்துரையும் எழுதியிருக்கிறேன். அந்தப் பரிந்துரைகளில் பெரும்பாலானவை சரியானவை என்றே இன்றும் நம்புகிறேன். சில தவறானவை. என் கவனக்குறைவு மட்டுமே அவற்றுக்குக் காரணமாக இருந்திருந்தால் நானே திருத்திக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். தேர்வு அமைந்திருக்கும் முறையே அத்தகைய தவறுகளுக்கு வழிவிடுகிறது என்பது மெல்ல மெல்லத்தான் எனக்குப் புரிந்தது. ஆகவே உங்கள் அனைவருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன்.

ஒரு சிறுவனிடமிருந்து தொடங்குகிறேன். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. ஐந்து வயதில் நாட்டை விட்டுப் போனவன். எழுதப் படிக்கக் கற்றது, கணக்குக் கற்றது எல்லாம் அங்குள்ள பள்ளியில், அங்குள்ள மொழியில். திரும்பி வந்த நான்காம் நாள் எங்கள் தேர்வை எழுத உட்கார்ந்தான். எண்கள் மட்டுமே கொண்ட கணக்குகளை ஒரு பிழையும் இல்லாமல் போட்டிருந்தான். வாக்கியங்களாகக் கொடுக்கப்பட்டிருந்த எட்டுக் கணக்குகளில் ஆறைத் தொடவே இல்லை. “கணக்கைப் போடத் தெரிகிறது, புரிந்துகொண்டு பயன்படுத்தும் திறன் போதவில்லை, ஒரு வகுப்பு கீழே சேர்க்கலாம்” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பத்து நாள் கழித்து அவனுடைய தாய் பழைய பள்ளியின் கணித நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தெரியாத எண்ணை ஓர் எழுத்தால் குறித்துச் சமன்பாடு அமைத்துத் தீர்க்கும் கணக்குகள் அதில் பக்கம் பக்கமாக இருந்தன. அந்தப் பாடத்தை அவன் வயதுப் பிள்ளைகளுக்கு நாங்கள் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. அந்த எட்டுக் கணக்குகளை வாய்விட்டுப் படித்து, எளிய சொற்களில் சொன்னேன். ஏழுக்கு விடை சொன்னான்.

உடனே அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். பதிவேட்டில் ஏறிவிட்டது, அடுத்த கல்வியாண்டில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கல்வியாண்டில் யாரும் பார்க்கவில்லை. அப்படிப் பார்ப்பதற்கென்று ஒரு நாளோ, ஒரு பொறுப்பாளரோ, ஒரு படிவமோ இருக்கவில்லை. அந்த ஆண்டு அவன் என் வகுப்பில்தான் இருந்தான். தன்னைவிட ஒரு வயது இளைய பிள்ளைகளுக்கு நடுவே கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஏற்கெனவே தெரிந்ததையே ஆண்டு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் மாதம் கை உயர்த்தினான். மூன்றாம் மாதத்தில் உயர்த்துவதை நிறுத்திவிட்டான். அவனுக்கு நேர்ந்தது என் கையெழுத்தால் நேர்ந்தது என்பதை நான் மறக்கவில்லை.

பெற்றோர் இந்தத் தேர்வை ‘என்ட்ரன்ஸ்’ என்றே சொல்கிறார்கள். நாம் எத்தனை முறை விளக்கினாலும் அந்தச் சொல் மாறுவதில்லை. அதில் அவர்களுடைய தவறு எதுவும் இல்லை. மணி அடித்துத் தொடங்கி, மணி அடித்து முடித்து, மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண்ணின் பேரில் பிள்ளையை ஏற்பதோ இறக்குவதோ என்றால் அது என்ட்ரன்ஸ்தான். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பிள்ளை இதுவரை எதை, எந்த வரிசையில், எந்த மொழியில் கற்றிருக்கிறது? நம் வினாத்தாள் கேட்பதோ, நம் பிள்ளைகள் நம் வகுப்பில் கற்றதில் எவ்வளவு இதற்குத் தெரியும் என்று. இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையை முதல் கேள்விக்கான விடையாக எடுத்துக்கொள்கிறோம். தேர்வு முறை பிழைப்பது இங்கேதான்.

கணிதத்துக்கு மொழி கிடையாது, ஆகவே கணிதத் தாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் நியாயமானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். ஜெர்மனியில் படித்த பிள்ளை மூன்றரையை 3,5 என்று காற்புள்ளி போட்டு எழுதும், பிரான்சிலும் அப்படித்தான். ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரித்துக் காட்டப் புள்ளி வைப்பார்கள், அங்கே 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, நம் வினாத்தாளில் அதுவே ஒன்றேகால். அங்கே வகுத்தலுக்கு முக்காற்புள்ளி, பெருக்கலுக்கு நடுவில் ஒரு புள்ளி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளை நீள்வகுத்தலில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதும். அந்த அமைப்பைப் பார்த்துப் பழகாத ஆசிரியருக்கு, பிள்ளை எதையோ குழப்பி எழுதியிருப்பதுபோல் தோன்றும். ஐரோப்பாவில் பல இடங்களில் 1 என்ற எண்ணின் தலையில் நீண்ட கோடு ஒன்றைச் சாய்வாக இழுப்பார்கள். அதை 7 என்று படித்துச் சரியான விடைக்குத் தவறு போட்ட ஆசிரியரை எனக்குத் தெரியும். அந்த ஆசிரியர் கவனமில்லாதவர் அல்லர். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பெரிய எண்களின் பெயர்களும் இப்படித்தான். ஜப்பானிய மொழியிலும் சீன மொழியிலும் பத்தாயிரம் ஓர் அடிப்படை அலகு. அதன் மேல்தான் மற்ற பெரிய எண்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். ஆங்கில வழியில் ஆயிரம் ஆயிரம் ஒரு மில்லியன். நாமோ லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். ‘பன்னிரண்டு லட்சத்தில் எத்தனை ஆயிரம்?’ என்ற கேள்வி, லட்சம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இடமதிப்புக் கேள்வி. மற்றொரு பிள்ளைக்கு அது சொற்பொருள் கேள்வி. அறிவியல் தாளில் ‘தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?’ என்று கேட்டு, அளவின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டால், அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை 212 என்று எழுதக்கூடும். ஃபாரன்ஹீட் அளவில் அது மிகச் சரியான விடை. நம் விடைக்குறிப்பில் 100 என்று இருக்கும். பூச்சியம் போட்டுவிட்டு அடுத்த விடைக்குப் போய்விடுவோம்.

வகுப்பு எண்ணும் நாடுவிட்டு நாடு பொருள் மாறுகிறது. இங்கிலாந்தில் பிள்ளைகள் ஐந்து வயதில் முதலாம் ஆண்டுக்குள் நுழைகிறார்கள். அங்கே நான்காம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு எட்டு அல்லது ஒன்பது வயது. பின்லாந்தில் முதல் வகுப்பு ஏழு வயதில் தொடங்குகிறது. அங்கே நான்காம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குப் பத்து வயது ஆகியிருக்கும். ‘நான்காம் வகுப்பு முடித்தவர்’ என்ற ஒரே வரி இருவருடைய சான்றிதழிலும் இருந்தாலும், இருவரும் பள்ளியில் கற்ற வயதும் வேறு, விதமும் வேறு. கல்வியாண்டின் தொடக்கமும் ஒன்றாக இல்லை. ஜப்பானில் ஏப்ரல், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் அல்லது செப்டம்பர், ஆஸ்திரேலியாவில் ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரி. தந்தைக்கோ தாய்க்கோ வேலை மாறிய மாதத்தைப் பொறுத்து ஒரு பிள்ளை அரையாண்டு முன்னாலோ பின்னாலோ வந்து நிற்கிறது. அந்த அரையாண்டைத் தேர்வுத்தாள் பிள்ளையின் குறையாகவே பதிவு செய்கிறது.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் தவறுகளில் பெரும்பாலானவை அங்கே பிறக்கின்றன. கனடாவில் பணியாற்றிய மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், 1979-ஆம் ஆண்டு முதல் ஒரு வேறுபாட்டைத் தொடர்ந்து வலியுறுத்தி வந்தவர்: விளையாட்டிடத்திலும் வீட்டிலும் பேசிப் பழகும் மொழி ஒன்று, பாடநூலிலும் வினாத்தாளிலும் உள்ள மொழி மற்றொன்று. புதிய மொழியில் சரளமாக உரையாடப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போதும். ஆனால் பாட மொழியில் தன் வயதுப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகின்றன என்பது அவருடைய ஆய்வுகள் காட்டிய முடிவு. புலம்பெயர்ந்து வரும் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது இது. திரும்பிவரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. ஏனெனில் அவர்களைப் புதிய மொழி கற்பவர்களாக யாருமே பார்ப்பதில்லை. பெயரும் முகமும் நம்முடையவை. வீட்டில் பேசுவதும் நம் மொழி. தலைமையாசிரியரிடம் மூன்று நிமிடம் நன்றாகப் பேசிவிட்டு வரும் பிள்ளை, தாளில் ஒன்றும் எழுதாமல் கொடுத்தால், மொழிதான் தெரிகிறதே, அறிவில்தான் குறை என்று முடிவு கட்டுகிறோம்.

பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வெகு தொலைவில் நிற்கும் மொழிகளில் இந்த இடைவெளி இன்னும் அகலம். அரபு, சுவிஸ் ஜெர்மன் போன்ற மொழிகளை எடுத்துக்காட்டி மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் எழுதிய இரட்டை வழக்கு நிலை தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை, “எத்தனை மிச்சம் இருக்கும், சொல்லு” என்றால் உடனே சொல்லும். ‘எஞ்சியுள்ளவற்றின் எண்ணிக்கையைக் காண்க’ என்று அச்சில் பார்த்தால் விழிக்கும். ‘பின்வருவனவற்றுள் பொருந்தாததைத் தேர்ந்தெடுத்து எழுதுக’ என்று எந்தத் தாயும் வீட்டில் சொல்வதில்லை. அந்தத் தமிழ் பள்ளியில் மட்டுமே கிடைக்கும், அந்தப் பள்ளிக்கோ பிள்ளை இன்னும் வரவே இல்லை. இல்லாத இடத்தில் கற்றிருக்க வேண்டியதை, உள்ளே வருவதற்கு நிபந்தனையாக வைக்கிறோம்.

பயணக் களைப்பையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். உடலின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசத்தைத்தான் சரிசெய்துகொள்ளும். கிழக்கு நோக்கிப் பறந்து வந்தால் இன்னும் மெதுவாக. எட்டு மணி நேர வித்தியாசமுள்ள நாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு நான்காம் நாள் காலைத் தேர்வு பாதி இரவில் எழுதும் தேர்வு. இரண்டு வாரம் கழித்து நடத்தினால் நமக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

மறுபக்கத்தையும் நான் அறியாதவள் அல்லள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், பாதி ஆண்டில், பின்னங்களே படிக்காத ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போய்விடும் நிர்வாகத்தையும் பார்த்திருக்கிறேன். கணிதம் படிப்படியாக ஏறும் பாடம். கீழ்ப்படி இல்லாமல் மேல்படியில் நிறுத்தினால் பிள்ளை விழும். தேர்வே வேண்டாம், வயதைப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்வோருடன் என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை. உதவியில்லாமல் வயதுக்கேற்ற வகுப்பில் போடுவது பிள்ளையைக் கைவிடும் மற்றொரு வழி. 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் சொன்னதும் இதையே ஒட்டியது. சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் ஏறத்தாழ 1,800 பேர், மொழிக்கென்று எந்தக் கூடுதல் உதவியும் இல்லாமல் மற்றவர்களோடு அதே வகுப்பில், அதே நூல்களோடு உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். ஒரே கட்டடமும் ஒரே பாடநூலும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டால் அது சமமாக நடத்தியது ஆகாது, மொழி புரியாத மாணவருக்குக் கல்வியின் கதவு மூடியே இருக்கிறது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆகவே நான் கேட்பது இரண்டும் சேர்ந்தது: வகுப்பு வயதுக்கு ஏற்றதாக இருக்கட்டும், இடைவெளியை நிரப்பும் பொறுப்பு பள்ளியுடையதாக இருக்கட்டும். இது புதிய எண்ணம் அன்று. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஆறு வயதைக் கடந்தும் பள்ளியில் சேராத, அல்லது சேர்ந்தும் தொடக்கக் கல்வியை முடிக்க முடியாமற்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. மற்றவர்களோடு சமமாக வர அந்தப் பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது. பள்ளியையே பார்க்காத பிள்ளைக்கு ஒரு சட்டம் இவ்வளவு மதிப்புத் தர முடியுமானால், வேறொரு நாட்டில் ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைக்கு நாம் அதைவிடக் குறைவாகத் தருவதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

ஜப்பானில் இப்படித் திரும்பிவரும் பிள்ளைகளுக்கு ‘கிகோகு ஷிஜோ’ என்று ஒரு பெயரே உண்டு. தொடக்கத்தில் அவர்களைச் சரிசெய்யப்பட வேண்டியவர்களாகவே அந்தச் சமூகம் பார்த்தது. வெளிநாட்டுப் பழக்கத்தைக் கழற்றிவிட்டு மறுபடியும் பொருந்தச் செய்வதே பள்ளியின் வேலை என்று நினைத்தார்கள். பின்னர் அவர்கள் கொண்டுவந்த மொழியும் பார்வையும் இழக்கக்கூடாதவை என்ற எண்ணம் வளர்ந்தது. அவர்களுக்கென்று தனிச் சேர்க்கை முறைகளைப் பல பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஏற்படுத்தின. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு, பிள்ளை வாழும் நாட்டின் மதிப்பீடுகளையும், அது எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டின் மதிப்பீடுகளையும் மதிக்கக் கற்பிப்பது கல்வியின் நோக்கங்களில் ஒன்று என்கிறது. திரும்பிவரும் பிள்ளைக்கு இந்த இரண்டு நாடுகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. நம் வினாத்தாளில் அவற்றுள் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். தேர்வுக்கு முன் பிள்ளையின் பழைய நோட்டுகளைப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் கேட்கிறோம், நோட்டைக் கேட்பதில்லை. சான்றிதழ் ஓர் எழுத்தையோ எண்ணையோ சொல்லும். நோட்டு பாடத்தின் வரிசையைச் சொல்லும், பிள்ளை எங்கே தடுமாறியது, எங்கே தானாக ஓடியது என்பதைச் சொல்லும். மொழி புரியவில்லை என்றாலும் கணித நோட்டைப் படிக்க முடியும், நான் படித்திருக்கிறேன். பழைய பள்ளியின் பாடத்திட்டம் கிடைத்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். இவ்வளவையும் பார்க்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதில்லை. ஒரு பிள்ளையின் ஓராண்டை முடிவு செய்ய ஒரு மணி நேரம் அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டீர்கள் என நம்புகிறேன்.

கணிதத்தையும் அறிவியலையும் மொழியிலிருந்து பிரித்துச் சோதியுங்கள். பிள்ளை கற்ற மொழியில் வினாத்தாள் தர முடிந்தால் தாருங்கள்; முடியாத இடத்தில் கேள்விகளை வாய்மொழியாகக் கேளுங்கள், வரைந்து காட்டச் சொல்லுங்கள், பொருட்களை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். குறியீடுகள் மாறியிருந்தால் இப்படி எழுதுவாயா என்று ஒரு வரி கேட்ட பிறகு மதிப்பெண் போடுங்கள். மொழித் திறனைத் தனியாக, தனி நாளில் பார்த்துக்கொள்ளலாம். அதில் வரும் முடிவு எவ்வளவு உதவி தேவை என்பதைத் தீர்மானிக்கட்டும். வகுப்பைத் தீர்மானிக்க வேண்டாம்.

அடுத்ததாக நான் சொல்லப்போவதில்தான் எனக்கு மிகுந்த நம்பிக்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், ஐரோப்பாவிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் இஸ்ரேலுக்கு வந்துசேர்ந்த பிள்ளைகள் பலர் வழக்கமான நுண்ணறிவுத் தேர்வுகளில் மிகக் குறைவான மதிப்பெண் பெற்றார்கள். அவர்களோடு பணியாற்றிய உளவியலாளர் ரூவன் ஃபாயர்ஸ்டீன் அந்த மதிப்பெண்களை ஏற்க மறுத்தார். தேர்வு, பிறகு கற்பித்தல், பிறகு மறுபடியும் தேர்வு என்று ஒரு முறையை வகுத்து, கற்பித்த பிறகு பிள்ளை எவ்வளவு நகர்கிறது என்பதைக் கணக்கில் எடுத்தார். பிள்ளை தனியாகச் செய்வதற்கும் ஒருவர் துணையோடு செய்வதற்கும் இடைப்பட்ட தூரமே அது அடுத்து எட்டக்கூடியதைக் காட்டுகிறது என்று அதற்கும் முன்பே, 1934-இல் மறைந்த ருஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி எழுதியிருந்தார். இதைச் செய்து பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பிள்ளைக்குத் தெரியாத ஒரு சிறு பாடத்தை எடுத்துக்கொண்டு, இருபது நிமிடம் கற்பித்துவிட்டு, அதே பாடத்தில் நான்கு கணக்குகள் கொடுங்கள். நான் கடந்த சில ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன். முதல் தாளில் ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒன்று இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். மற்றொன்றுக்கு உண்மையிலேயே முந்தைய படி தேவைப்படும். இந்த வேறுபாட்டை எந்த எழுத்துத் தாளும் எனக்குக் காட்டியதில்லை. அந்த இருபது நிமிடத்தில் பிள்ளையின் முகமும் மாறுகிறது. சோதிக்கப்படுகிறோம் என்ற பயம் தணிந்து, ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்திருக்கிறோம் என்ற நிதானம் வருகிறது. புதிய பள்ளியோடு அந்தப் பிள்ளைக்கு முதல் உறவு அங்கே தொடங்குகிறது.

கீழ் வகுப்பே சரி என்று தோன்றும் பிள்ளைகளும் இருப்பார்கள். அப்போது அந்த முடிவைத் தற்காலிகமானதாக எழுதி, மறுபடியும் பார்க்கும் நாளையும், பார்க்க வேண்டியவர் பெயரையும் அதே படிவத்தில் குறித்துவிடுங்கள். என் மாணவனுக்கு இல்லாமற்போனது அதுதான். மூன்று மாதம் போதுமான காலம் என்பது என் அனுபவம்; அதற்கு மேல் போனால் பாடங்கள் முன்னேறிவிடும், பிள்ளையும் தனக்குக் கொடுக்கப்பட்ட இடத்தைத் தன் தகுதி என்று நம்பத் தொடங்கிவிடும். திருத்திய விடைத்தாளைப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் காட்டுங்கள். இப்போது பல இடங்களில் முடிவு மட்டும் ஒரு வரியில் வருகிறது; எங்கே தவறியது என்று தெரியாததால் வீட்டில் உதவவும் முடியாது, நாம் தவறாகத் திருத்தியிருந்தால் சுட்டிக்காட்டவும் முடியாது. தேர்வு பற்றிய குறிப்பு அலுவலகக் கோப்போடு நின்றுவிடாமல் வகுப்பாசிரியர் கைக்குப் போகட்டும். முதல் நாள் வகுப்புக்குள் வரும் பிள்ளைக்குத் தசமம் நன்றாக வரும், ஆனால் காற்புள்ளி போடும் என்று தெரிந்த ஆசிரியர் அதை ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். தெரியாதவர் ஒரு பருவம் முழுவதும் தவறு போட்டுக்கொண்டிருப்பார்.

பிள்ளையிடமும் கேளுங்கள். தன்னைப் பாதிக்கும் முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமையை நான் மேலே சொன்ன உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு பிள்ளைக்குத் தருகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே உனக்குப் பிடித்த பாடம் எது, கடைசியாகப் படித்தது என்ன, இங்கே எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியும். ஒரு சிறுமி என்னிடம், கணக்குத் தெரியும், ஆனால் எல்லோரும் சத்தமாக ஒப்பிக்கும்போது என் வாய் மட்டும் அசையாது என்றாள். அவளுக்குத் தேவையானது கீழ் வகுப்பு அன்று என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்துகொண்டேன். தோழிகளையும் வீட்டையும் தெருவையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். தாய்நாட்டுக்குத்தானே திரும்புகிறார்கள் என்று பெரியவர்கள் மகிழும் நேரத்தில், அவர்களுக்கு அது திரும்புதல் போல இருப்பதே இல்லை. ஐந்து வயதில் போன பிள்ளைக்கு நினைவில் உள்ள ஊர் அந்த ஊர்தான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து கிளம்பும்போது எடைக்குப் பயந்து முதலில் கழித்துவிடுவது பிள்ளைகளின் நோட்டுகளைத்தான். தயவுசெய்து அவற்றைக் கொண்டுவாருங்கள். வீட்டுக்குள் தேர்வு, தேர்வு என்று பேசாதீர்கள். முடிவு உங்களுக்குப் புரியவில்லை என்றால் விடைத்தாளைக் கேளுங்கள். கேட்பது பள்ளியை எதிர்ப்பது ஆகாது.

இவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய எல்லாப் பள்ளிகளாலும் முடியாது என்பதை உணர்கிறேன். ஆள் குறைவு, நேரம் குறைவு, சேர்க்கைக் காலத்தில் அலுவலகத்தில் நிற்கக்கூட இடம் இருப்பதில்லை. அதனால் அடுத்த சேர்க்கைக் காலத்துக்கு முன் செய்யக்கூடியதாக ஒன்றை மட்டும் கேட்டு முடிக்கிறேன். வகுப்பு நிர்ணயப் படிவத்தில் பரிந்துரை எழுதும் இடத்துக்கு மேலே இரண்டு வரிகளைச் சேர்த்து அச்சிடுங்கள். முந்தைய பள்ளியின் நோட்டுகளைப் பார்த்தவர் யார், எந்த நாளில் பார்த்தார் என்பது ஒரு வரி. இந்த முடிவு மறுபரிசீலனை செய்யப்படும் நாள் எது, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பது மற்றொன்று. அவ்விரண்டும் நிரப்பப்படாத படிவத்தில் ‘ஒரு வகுப்பு கீழே’ என்று எழுத யாரையும் அனுமதிக்காதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வகுப்பு நிர்ணயத் தேர்வுகளில் பரிந்துரை எழுதிவரும் ஒரு கணித ஆசிரியை